ரின்ஸ்கே கொடுக்க வந்த சிறுநீரகம்

ரத்த அழுத்தம் பார்க்கும் கைப்பட்டை மூன்றாவது முறையாக இறுகியது. ரின்ஸ்கே ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு, உலகத்தில் உள்ள சாந்தமான பிராணிகளை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தாள். அசைபோடும் பசு. நனைந்த செம்மறி ஆடு. ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கத்தில் கண்ணைத் திறந்துகொண்டே தூங்கும் தன் ஊர்க்காரர்கள். பட்டை புஸ்ஸென்று காற்றை விட்டது. நர்ஸ் எண்ணைப் பார்த்தாள். பார்த்துவிட்டு முகத்தை ஒன்றுமே இல்லாத மாதிரி வைத்துக்கொண்டாள். ஆஸ்பத்திரிக்காரர்கள் முகத்தை அப்படி வைத்துக்கொண்டால் அங்கே ஏதோ இருக்கிறது என்று அர்த்தம்.

"எவ்வளவு?" என்றாள் ரின்ஸ்கே.

"நூத்தி எழுபத்தெட்டு. இன்னும் கொஞ்ச நேரம் உக்காருங்க, மறுபடி பாக்கலாம்."

"இன்னும் கொஞ்ச நேரம் உக்காந்தா இருநூறைத் தொட்டுடும்மா. விட்டுடு."

அந்த எண் நூற்று நாற்பதுக்குக் கீழே வந்தாக வேண்டும். வந்தால் அவளுடைய இடது சிறுநீரகம் தம்பி வீப்ரெனுக்குப் போகும். வராவிட்டால் போகாது. ரத்தக் கொதிப்பு உள்ளவளிடமிருந்து ஒன்றை எடுத்துவிட்டால் மிச்சமிருக்கும் ஒற்றைச் சிறுநீரகம் நாளடைவில் நசிந்துபோகும், அந்தப் பாவத்தைத் தான் செய்யமாட்டேன் என்று டாக்டர் யோங்ஸ்மா முதல் நாளே சொல்லிவிட்டார். வீப்ரெனுடைய இரண்டும் சின்ன வயதில் வந்த ஒரு தொண்டைக் காய்ச்சலின் கைங்கரியத்தில் வருஷக்கணக்காகச் சுருங்கி, உலர்ந்த பேரிக்காய் மாதிரி ஆகியிருந்தன. ரத்தம் கழுவும் இயந்திரத்துக்காக அவன் முழங்கையில் குழாய் கூடத் தயாராக இருந்தது. அவனுக்கு இருந்த உறவில் ரத்த வகை, திசு வகை எல்லாம் ஒட்டுப்போட்ட மாதிரிப் பொருந்தியது இந்த ஒரு அக்காவுக்குத்தான். வசந்த காலத்தில் ஊர் டாக்டர் பார்த்தபோது அவள் அழுத்தம் பால்குடிக் குழந்தையுடையது மாதிரி இருந்தது. கொடுக்கிறேன் என்று வாக்குக் கொடுத்த பிறகுதான் ஏறத் தொடங்கியது. ஊர் பேசுவதற்கு அது போதாதா?

ஓல்டெஸைல் என்ற அந்த ஃபிரீஸ்லாந்துக் கிராமம் கடலைவிடத் தாழ்வானது. அங்கே மீன்கள் அணைக்கரைக்கு மேலே ஏறி நின்று சமையலறைக்குள் எட்டிப் பார்த்து, இன்று யாரைப் பொரிக்கிறார்கள் என்று தெரிந்துகொண்டுதான் வலைப்பக்கம் போகும் என்பார்கள். காற்று வேறு. சேவல் கூவினால் சத்தம் அடுத்த ஊருக்குப் பறந்துவிடும். ஆகையால் ஓல்டெஸைல்காரர்கள் மேற்கே இருக்கும் ஊரின் சேவலுக்குத்தான் காலாகாலமாக எழுந்திருக்கிறார்கள். இப்படிப்பட்ட ஊரில் மதகைப் பார்த்துக்கொள்கிறவள் ரின்ஸ்கே. கடல் வற்றும்போது கதவைத் திறந்து கால்வாய்த் தண்ணீரை வெளியே விட வேண்டும்; கடல் பெருகுவதற்குள் மூடிவிட வேண்டும். அப்பா செய்த வேலை. கல்யாணம் கட்டவில்லை. கேட்டு வந்தவன் கடல் ஏறி இறங்கும் நேரம் பார்த்துக் கேட்கவில்லை என்பாள்.

சரி, அழுத்தம் ஏன் ஏறியது? அங்கேதான் கதை.

வாக்குக் கொடுத்ததும் யோங்ஸ்மா போட்ட முதல் நிபந்தனை, சிகரெட்டை விடுங்கள் என்பது. பதினாறு வயதிலிருந்து புகைத்தவள் அன்று மாலையே பெட்டியைக் கால்வாயில் எறிந்தாள். கை சும்மா இருக்குமா, வாய்தான் இருக்குமா? அந்த நாட்டில் வாய் சும்மா இருந்தால் அதில் ட்ரொப் போடுவார்கள். அதிமதுர வேரின் சாற்றைக் காய்ச்சி இறுக்கிய கறுப்பு மிட்டாய். நம்மூரில் தொண்டைக்கட்டுக்குக் கடித்துத் துப்புகிற அதே அதிமதுரம்தான். அவர்கள் அதை வருஷம் முழுக்க, பிறந்த வீட்டிலும் செத்த வீட்டிலும், கோட்டுப் பையிலும் கார் இழுப்பறையிலும் வைத்துத் தின்கிறார்கள். அதில் உப்புச் சாதி, இரட்டை உப்புச் சாதி, இனிப்புச் சாதி என்று குலப்பிரிவு உண்டு. ரின்ஸ்கே இரட்டை உப்பு. சிகரெட் இருந்த இடத்தில் ஒரு ட்ரொப். அது கரைந்ததும் இன்னொன்று.

கோடையில் அழுத்தம் லேசாக ஏறியது. உப்பைக் குறையுங்கள் என்றார் யோங்ஸ்மா. பழைய பாலாடைக்கட்டியை விட்டாள், புகைபோட்ட மீனை விட்டாள், உருளைக்கிழங்கைச் சப்பென்று தின்னக் கற்றாள். ட்ரொப் தின்பீர்களா என்று டாக்டர் கேட்காமல் இல்லை. அந்த நாட்டில் அதைக் கேட்காத டாக்டர் கிடையாது. அவள் நெஞ்சில் கைவைத்து உண்மையைத்தான் சொன்னாள். "உப்பு ட்ரொப்பைத் தொட்டு மாசமாச்சு டாக்டர்." நல்லது என்றார் அவர், ட்ரொப் இல்லை என்று குறித்துக்கொண்டு அடுத்த கேள்விக்குப் போனார்.

உப்பைத்தான் விட்டாள். இனிப்புக்கு மாறினாள். உப்பு இல்லாததால் பாதகமில்லை என்ற தெம்பில் முன்னைவிட இரண்டு பங்கு தின்றாள். அழுத்தம் ஏறியது. பயந்தாள். பயத்துக்கு இன்னும் இரண்டு போட்டுக்கொண்டாள்.

இலையுதிர் காலம் தொடங்கியபோது யோங்ஸ்மா அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டு உட்கார வைத்தார். ரத்தப் பரிசோதனை முடிவு வந்திருந்தது. அவர் உயரமான மனிதர். பேசும்போது நாற்காலியில் மடிந்து மடிந்து உட்காருவார். சிறுநீரகத்தை வெறும் சல்லடை என்று நினைக்காதீர்கள், அது உங்களைப் போல ஒரு மதகுக்காரி என்று ஆரம்பித்தார். ரத்த ஓட்டம் மந்தமானால் முதலில் அதற்குத்தான் தெரியும். தெரிந்ததும் ரெனின் என்று ஒரு ஆளை அனுப்பும். ஈரலில் தயாராகி ரத்தத்தில் தூங்கிக்கொண்டு மிதக்கிற ஒரு பொருளை ரெனின் வெட்டி எழுப்பும். அது நுரையீரலில் இன்னொரு வெட்டு வாங்கி ஆஞ்சியோடென்சின் என்ற முரடனாக மாறி, ரத்தக் குழாய்களை நெரிக்கும். அதோடு நில்லாமல், சிறுநீரகத்தின் தலையில் குல்லாய் போல உட்கார்ந்திருக்கும் அட்ரீனல் சுரப்பியின் கதவைத் தட்டும். அங்கிருந்து ஆல்டோஸ்டிரோன் புறப்படும். அது சிறுநீரகத்துக்கே திரும்பி வந்து, உப்பை விடாதே, பிடித்து வை, பொட்டாசியத்தை வெளியே தள்ளு என்று உத்தரவு போடும். உப்பு இருக்கும் இடத்தில் தண்ணீர் இருக்கும். தண்ணீர் நின்றால் அழுத்தம் ஏறும். ஏறியது போதும் என்றானதும் சிறுநீரகம் ரெனினை அடக்கிக்கொள்ளும். இதற்கிடையில் மூளையிலிருந்து ஒரு சுரப்பு தண்ணீரைப் பிடித்து வைக்கப் பார்க்கும். நிரம்பித் திணறுகிற இதயம் தன் பங்குக்கு ஒன்றைச் சுரந்து, விட்டுவிடுங்கள் அம்மா, தாங்கமாட்டேன் என்று கெஞ்சும். ஒருத்தி இழுக்க ஒருத்தி விட, சுண்டெலி முதல் திமிங்கலம் வரை பால் கொடுத்து வளர்க்கிற அத்தனை பிராணிக்கும் உள்ளே இதே கூட்டுக்குடும்பம்தான்.

"உங்க உடம்புல என்னாச்சுன்னா," என்றார் யோங்ஸ்மா, "ரெனின் தூங்குது. ஆல்டோஸ்டிரோனும் தூங்குது. உத்தரவு போடுறதுக்கு ஒருத்தரும் இல்ல. ஆனா உப்பு நிக்குது, பொட்டாசியம் ஓடுது, அழுத்தம் ஏறுது. மதகுக்காரி தூங்குறா, மேலாபீஸும் தூங்குது, கதவு மட்டும் மூடியிருக்கு. யார் மூடினாங்க?"

அவளுக்குத் தெரியவில்லை. அவருக்கும் தெரியவில்லை. பிறவியிலேயே கதவு கோணலாக அமைந்துவிடுகிற ஒரு அபூர்வ வியாதி உண்டு, அதுவாக இருக்கலாம் என்றார். அப்படியானால் அவளுக்கு மாத்திரை உண்டு. ஆனால் சிறுநீரகத்தை எடுப்பது என்ற பேச்சே இல்லை. அடுத்த வியாழக்கிழமை டாக்டர்கள் கூடிப் பேசி முடிவு சொல்வார்கள், குடும்பத்தோடு வாருங்கள்.

வீடு திரும்பும் வழியெல்லாம் இடது விலாவுக்குக் கீழே கை வைத்தபடி வந்தாள்.

வீப்ரெனின் மனைவி லிஸ்பெத் பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறவள். விரலை நீட்டாமல் அவளுக்குப் பேச வராது. அன்று சாயங்காலம் அவள் சமையலறையில் காபி ஊற்றினாள். அந்த ஊர் வழக்கப்படி ஆளுக்கு ஒரு பிஸ்கோத்து எடுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டு டப்பாவை மூடினாள். வீப்ரென் ஆட்டுப்பட்டிக்குப் போயிருந்தான். கொஞ்ச நாளாக அவனுக்குச் சாப்பாடெல்லாம் துருப்பிடித்த ஆணியை நக்கின மாதிரி இருக்கிறதாம். ராத்திரியெல்லாம் தோலைச் சொறிகிறானாம். அதையெல்லாம் கணக்கு ஒப்பிக்கிற குரலில் சொல்லிவிட்டு லிஸ்பெத் நிறுத்தினாள்.

"அண்ணி, ஒண்ணு கேக்கட்டுமா? கோவிச்சுக்கக் கூடாது."

"கோவப்படுற மாதிரிதான் கேக்கப் போறே. கேளு."

"உங்களுக்குப் பயமா இருந்தா நேரா சொல்லிடுங்க. யாரும் தப்பா நினைக்கமாட்டாங்க. மனசு ஒத்துக்கலேன்னா உடம்பு இப்படித்தான் முரண்டு பண்ணுமாம். வசந்தத்துல நல்லா இருந்த பிரஷர், கொடுக்கிறேன்னு சொன்ன பெறகு ஏறுதுன்னா..."

"நான் ஏதாவது தின்னு ஏத்திக்கிறேன்னு சொல்றியா?"

லிஸ்பெத் பார்வையைக் கோப்பைக்கு இறக்கினாள். கரண்டியால் காபியைக் கலக்கினாள். அதில் சர்க்கரை போடவே இல்லை.

ரின்ஸ்கேக்குக் காது மடல் சுட்டது. எழுந்து கோட்டை மாட்டினாள். கை தானாகப் பைக்குள் போய் ஒரு கறுப்பு மிட்டாயை எடுத்து வாயில் போட்டது. இரண்டு பேருமே அதைக் கவனிக்கவில்லை. அந்த ஊரில் ஒருத்தர் மூச்சு விடுவதை எப்படிக் கவனிப்பதில்லையோ அப்படி.

அந்த வாரம் வானம் பொத்துக்கொண்டது. மழை அடித்த அடியில் வாத்துகளே கூரைக்குக் கீழே ஒதுங்கி நின்று ஒன்றையொன்று திட்டிக்கொண்டன. கால்வாய்கள் விளிம்பு வரை நிறைந்தன. புதன்கிழமை காலை கடல் வற்றும் நேரத்துக்கு ரின்ஸ்கே மதகுக்குப் போனாள். விசையைத் தட்டினாள். மோட்டார் முனகியது, கதவு ஒரு சாண் ஏறியது, நின்றுவிட்டது. காற்று கடலிலிருந்து வீசியது. இந்தக் காற்றில் தண்ணீர் சீக்கிரமே திரும்பி வரும். வருவதற்குள் விட்டதுதான் லாபம். அவள் கைச்சக்கரத்தைப் பிடித்தாள். ஆயிரம் தடவை சுற்றிய சக்கரம்.

கொஞ்சம் சுற்றினாள். தொடைகள் நடுங்கத் தொடங்கின. இன்னும் கொஞ்சம். கால் இரண்டும் பிசைந்த மாவாகக் குழைந்து, அவள் ஈரக் கல்லின் மேல் உட்கார்ந்துவிட்டாள். எழுந்திரு என்று உத்தரவு போட்டாள். கால்கள் அது யாருக்கோ என்று இருந்தன. நெஞ்சு ஒரு துடிப்பைத் தவறவிட்டு, பிறகு அவசரமாக இரண்டு துடித்தது. கீழே தண்ணீர் அந்த ஒரு சாண் வழியே சீறிக்கொண்டிருந்தது. செத்துப்போகப் போகிறோம் என்று அவளுக்குத் தோன்றியது. செத்தவளுடைய சிறுநீரகத்தையாவது எடுத்துக்கொள்வார்களா, அல்லது அதற்கும் நூற்று நாற்பது கேட்பார்களா என்று யோசித்தாள்.

கால்வாய் ஏறியிருப்பதைப் பார்த்து ஆடுகளை மேட்டுக்கு ஓட்ட வந்த வீப்ரென்தான் அவளைக் கண்டான். அரைகுறையாக ஏறி நின்ற கதவையும் உட்கார்ந்திருந்த அக்காவையும் மாறி மாறிப் பார்த்தான். ஒன்றும் கேட்காமல் சக்கரத்தின் மறுபக்கத்தைப் பிடித்தான். அவன் உடம்பில் ரத்தமே பாதிதான், முகம் மெழுகுவர்த்தி. அவள் சக்கரத்தைப் பிடித்துத் தொங்கிக்கொண்டே எழுந்தாள். ஒரு சுற்றுக்கு ஒரு தடவை நின்று மூச்சு வாங்கி, நோயாளி இரண்டு பேரும் ஓல்டெஸைலின் தண்ணீரை வெளியே விட்டார்கள். கதவு முழுக்க ஏறியதும் இரண்டு பேரும் சுவரில் சாய்ந்து சரிந்தார்கள்.

"லிஸ்பெத்கிட்டே சொல்லாதே," என்றாள் அவள்.

"உன்னை இப்படியே அறுத்தா நீ மேஜையிலேயே போயிடுவே அக்கா. எனக்கு வேணாம். என்னை மெஷின்ல போட்டுக்கட்டும்."

"நீ வேணாம்னு சொல்றதுக்கு அது உன்னோடது இல்லடா. இன்னும் என்னோடதுதான்."

அவன் சிரித்தான். சிரிப்பு இருமலாக முடிந்தது. சொல்லமாட்டேன் என்று சத்தியம் செய்துவிட்டு, வீட்டுக்குப் போனதும் முதல் காரியமாக லிஸ்பெத்திடம் சொன்னான். கல்யாணமானவன் செய்யும் சத்தியத்துக்கு அவ்வளவுதான் ஆயுசு.

வியாழக்கிழமை நான்கு பேரும் யோங்ஸ்மாவின் அறையில் உட்கார்ந்தார்கள்: டாக்டர் மேஜைக்கு அந்தப் பக்கம், இவர்கள் மூன்று பேர் இந்தப் பக்கம். டாக்டர்கள் கூட்டம் முடிந்திருந்தது. அவர் தொண்டையைச் செருமினார். அதற்குள் லிஸ்பெத் விரலை நீட்டிவிட்டாள்.

"டாக்டர், முடிவு சொல்றதுக்கு முன்னாடி ஒரு விஷயம். அண்ணி நேத்து மதகுல விழுந்துட்டாங்க. கால் விளங்கலே. என்கிட்டே கூட மறைக்கச் சொன்னாங்க."

ரின்ஸ்கே அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை. போச்சு, என்று நினைத்தாள். யோங்ஸ்மா எழுந்து வந்து அவள் முழங்காலைத் தட்டிப் பார்த்தார், காலை எதிர்த்துத் தள்ளச் சொன்னார். பொட்டாசியம் வற்றியதால் தசை சோர்ந்திருக்கிறது, இதயமும் இப்படிச் சோர்ந்தால் ஆபத்து, இப்போதே ஆஸ்பத்திரியில் படுக்க வேண்டும் என்றார். பிறகு நாற்காலியில் மடிந்து உட்கார்ந்து, கைகளைக் கோத்துக்கொண்டார். கூட்டத்தில் எல்லோருக்கும் ஒரே கருத்து, வருத்தத்தோடு சொல்ல வேண்டியிருக்கிறது என்று ஆரம்பித்தார்.

அந்த நாட்டில் ஒரு பழக்கம். பிரசங்கம் தொடங்கியதும், நெடுவழிப் பயணத்தில் கார் கிளம்பியதும், சவ ஊர்வலம் நகரத் தொடங்கியதும் யாராவது ஒருவர் மிட்டாய்ப் பையைத் திறப்பார்கள். தான் மட்டும் வாயில் போட்டுக்கொள்வது காட்டுமிராண்டித்தனம். பக்கத்திலிருப்பவர் ஜென்ம விரோதியானாலும் நீட்ட வேண்டும். கெட்ட செய்தி வரப்போகிறது என்று தெரிந்ததும் ரின்ஸ்கேயின் கை கோட்டுப் பைக்குள் போனது. சரசரவென்று பை திறந்தது. தம்பிக்கு நீட்டினாள், அவனுக்குச் சாப்பாட்டுப் பத்தியம் என்று நினைவு வந்து இழுத்துக்கொண்டாள். லிஸ்பெத்துக்கு நீட்டினாள், அவள் தலையசைத்தாள். மேஜைக்கு மேலே டாக்டருக்கு நீட்டினாள்.

"எடுத்துக்கங்க டாக்டர். இனிப்புதான். உப்பு இல்ல."

யோங்ஸ்மாவும் அந்த மண்ணில் பிறந்தவர்தானே. யோசிக்காமல் ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு பேச்சைத் தொடர்ந்தார். ஆகவே இந்த நிலையில் தானம் என்பது... மிட்டாயைக் கன்னத்தின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் தள்ளினார். நின்றார். தாடை அப்படியே நின்றது. வாயிலிருந்ததை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார்.

"இது தினமும் சாப்பிடுறீங்களா?"

"சிகரெட்டை விட்டேனே. வேற என்ன பண்றது?"

"எவ்வளவு?"

"ஒரு பை." லிஸ்பெத் பார்க்கிறாள் என்று உணர்ந்தாள். "பெரிய பை."

"ட்ரொப் விட்டுட்டேன்னு சொன்னீங்களே!"

"உப்பு ட்ரொப்பை விட்டேன்னு சொன்னேன். நீங்க உப்பைத்தானே விடச் சொன்னீங்க?"

யோங்ஸ்மா முகத்தை இரண்டு கைகளாலும் மூடிக்கொண்டார். தோள்கள் குலுங்கின, சிரிக்கிறாரா அழுகிறாரா என்று வெளியே தெரியவில்லை. கையை எடுத்தபோது முகம் சிவந்திருந்தது. தப்பு என்மேல்தான், இன்னும் ஒரு கேள்வி கேட்டிருக்க வேண்டும் என்றார். பிறகு விளக்கினார். கார்ட்டிசால் என்று இன்னொரு ஹார்மோன் உண்டு, அதே குல்லாய்ச் சுரப்பியிலிருந்து வருவதுதான். ரத்தத்தில் ஆல்டோஸ்டிரோன் ஒரு ஆள் என்றால் இது ஒரு ஊர்வலம். அதன் கெட்ட குணம், ஆல்டோஸ்டிரோனுடைய நாற்காலியில் இதுவும் அச்சாக உட்காரும். உட்கார்ந்தால் அதே உத்தரவைத்தான் போடும். அதனால் சிறுநீரகத்தின் வாசலில் ஒரு நொதி காவல் நிற்கிறது; வருகிற கார்ட்டிசாலையெல்லாம் பல்லைப் பிடுங்கிச் சாதுவாக்கி அனுப்பும். அதிமதுரம் அந்தக் காவல்காரனைத் தூங்க வைத்துவிடுகிறது. அப்புறம் கேட்க வேண்டுமா? கூட்டம் உள்ளே புகுந்து நாற்காலிகளைப் பிடித்து, உப்பைப் பிடி, பொட்டாசியத்தைத் தள்ளு என்று கூவுகிறது. அழுத்தம் ஏறுகிறது. ஏறிவிட்டதே என்று ரெனின் அடங்குகிறது. அது அடங்கியதால் ஆல்டோஸ்டிரோனும் அடங்குகிறது. உப்பு ட்ரொப் ஆனாலும் இனிப்பு ட்ரொப் ஆனாலும் உள்ளே இருக்கும் வேர் ஒன்றுதான்.

லிஸ்பெத்தான் முதலில் பேசினாள்.

"தம்பிக்குச் சிறுநீரகம் குடுக்கறேன்னுட்டு மிட்டாய்க் கடைக்காரன் வீட்டுக்கு மாடி கட்டிக் குடுத்திருக்கீங்க அண்ணி."

"நீதானே தின்னு ஏத்திக்கிறேன்னு சொன்னே. சரியாத்தான் சொல்லியிருக்கே," என்றாள் ரின்ஸ்கே.

ஆனால் கதவு திறந்துவிட்டதா என்றால், இல்லை. காவல்காரன் விழித்தெழ வாரக்கணக்கில் ஆகும், அடங்கிய ரெனின் எழுந்திருக்க இன்னும் நாளாகும் என்றார் யோங்ஸ்மா. அப்போதும் அழுத்தம் இறங்காவிட்டால், மிட்டாய் ஒரு காரணம்தான், பிறவிக் கோணலும் இருக்கிறது என்று அர்த்தம். முடிவைத் தள்ளி வைக்கிறோம். அதுவரை வீப்ரெனின் சிறுநீரகம் தாங்க வேண்டும். தாங்கும் என்று அவர் சொல்லவில்லை.

ரின்ஸ்கேக்குப் பொட்டாசியம் ஏற்றி, நெஞ்சுத் துடிப்பு ஒழுங்கானதும் வீட்டுக்கு அனுப்பினார்கள். லிஸ்பெத் அதற்கு முன்பே அங்கே குடியேறியிருந்தாள். நம்பிக்கை இல்லாமல் இல்லை அண்ணி, நான் கணக்கு டீச்சர், விடையைச் சரிபார்க்காமல் தூக்கம் வராது என்றாள். அலமாரி, கோட்டுகள், மதகறையின் எண்ணெய் டப்பா என்று எல்லா இடத்திலும் கைவிட்டுத் துழாவினாள். கடைக்காரனுக்குச் செய்தி போய்விட்டது. ரின்ஸ்கேயைத் தெருமுனையில் கண்டதும் அவன் கறுப்பு ஜாடிகளைத் துணி போட்டு மூடினான். அந்தப் பக்கத்துத் துக்கவீட்டில் கண்ணாடியை மூடுகிற மாதிரி.

சிகரெட்டும் இல்லை, ட்ரொப்பும் இல்லை. ரின்ஸ்கே வைக்கோலைக் கடித்தாள், காரட்டைக் கடித்தாள், கடிக்க ஒன்றுமில்லாதபோது லிஸ்பெத்தைக் கடித்தாள். லிஸ்பெத் சளைத்தவளில்லை. இரண்டு பேரும் சண்டை போட்டதில் எதிர்வீட்டுப் பூனை வேறு தெருவுக்குக் குடிபோனது. ஆனால் பட்டையைக் கையில் சுற்றும் நேரம் வந்தால் இரண்டு பேருக்கும் பேச்சு நின்றுவிடும். முதல் வாரம் எண் அசையவில்லை. இரண்டாவது வாரம் இறங்கியது. மறுநாளே பழையபடி ஏறியது. அதே வாரம் வீப்ரெனுக்குக் கால் வீங்கி, காலணிக்குள் நுழையவில்லை. இயந்திரத்தில் அவனுக்கு ஒரு இடம் பிடித்து வைத்திருப்பதாக ஆஸ்பத்திரியிலிருந்து ஃபோன் வந்தது.

ஒரு மத்தியானம் லிஸ்பெத் ரின்ஸ்கேயின் ஞாயிற்றுக்கிழமைக் கோட்டைத் தூசி தட்டிக்கொண்டிருந்தாள். உள்துணிக்கும் வெளித்துணிக்கும் நடுவில் ஏதோ உருண்டது. தையலைப் பிரித்து வெளியே எடுத்தாள். பஞ்சு ஒட்டிய ஒரே ஒரு கறுப்பு மிட்டாய்.

"சத்தியமா எனக்குத் தெரியாது," என்றாள் ரின்ஸ்கே. அவள் கண் அந்த மிட்டாயை விட்டு அகலவில்லை. வாயில் நீர் ஊறியது இரண்டு பேருக்கும் தெரிந்தது.

லிஸ்பெத் அவளைப் பார்த்தாள், மிட்டாயைப் பார்த்தாள். பிறகு பஞ்சோடு சேர்த்துத் தன் வாயில் போட்டுக்கொண்டு, முகத்தைச் சுளித்தபடி கடைசிவரை மென்றாள்.

"பயமா இருக்கு அண்ணி," என்றாள் மென்றுகொண்டே. "உங்களைக் குத்தம் சொன்னப்ப பயம் கொஞ்சம் குறைஞ்ச மாதிரி இருந்துச்சு. அதான் சொன்னேன்."

ரின்ஸ்கே நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டாள். சட்டைக் கையைச் சுருட்டி நீட்டினாள். லிஸ்பெத் பட்டையைச் சுற்றினாள். நூற்று நாற்பத்தாறு. மறுநாள் நாற்பத்திரண்டு. அதற்குப் பிறகு கிழவன் ஏணியிலிருந்து இறங்குகிற மாதிரி, ஒரு படிக்கு ஒரு யோசனையாக இறங்கியது.

முதல் பனி விழுந்த வாரம் யோங்ஸ்மா கூப்பிட்டார். பட்டையைத் தானே கட்டிப் பார்த்தார், நூற்று இருபத்தெட்டு. நம்பாமல் மற்றக் கையில் பார்த்தார், அதேதான். ரத்தத்தில் ரெனின் கண்விழித்துவிட்டது, ஆல்டோஸ்டிரோன் தன் நாற்காலிக்குத் திரும்பிவிட்டது, பொட்டாசியம் நிறைந்துவிட்டது, பிறவிக் கோணல் எதுவும் இல்லை. டாக்டர்கள் கூட்டத்தில் தானத்துக்குக் கைதூக்காதவர் ஒருவரும் இல்லை என்றார். ரின்ஸ்கே சரி என்று மட்டும் சொன்னாள். வெளியே வந்து கழிப்பறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு, மூக்கைச் சிந்திவிட்டு வந்தாள்.

அறுவைச் சிகிச்சை நாளன்று காலை அக்கா தம்பி இரண்டு பேரையும் பக்கத்துப் பக்கத்துக் கட்டிலில் தள்ளிக்கொண்டு போனார்கள். நடைவழியில் கட்டில்கள் ஒரு நிமிஷம் அருகருகே நின்றன. வீப்ரெனின் முகம் சாம்பலாக இருந்தது.

"அக்கா, இப்பக்கூட நீ வேணாம்னு சொல்லலாம்."

"சொன்னா நீ என்ன பண்ணுவே?"

"என்ன பண்றது? படுத்தாச்சு. எழுந்து போகச் சோம்பலா இருக்கு."

அவளுடைய கட்டில் முதலில் நகர்ந்தது.

மயக்கம் தெளிந்தபோது இடது விலாவுக்குக் கீழே யாரோ கோடரியை மறந்து வைத்துவிட்டுப் போன மாதிரி இருந்தது. கண்ணைத் திறக்க முடியவில்லை. இன்னொருத்தர் உடம்புக்கு மாறிய சிறுநீரகம் சில சமயம் முரண்டு பிடிக்கும், வாரக்கணக்கில் வேலையே செய்யாமல் உட்கார்ந்திருக்கும் என்று யோங்ஸ்மா சொல்லியிருந்தார். அதை நினைத்தபடியே மறுபடி மூழ்கினாள், மறுபடி மிதந்து மேலே வந்தாள். யாரோ அவள் கையைப் பிடித்திருந்தார்கள். அந்த விரல் நுனிகளில் சாக்பீஸ் தூள் சொரசொரத்தது.

"லிஸ்பெத்? அவனுக்கு..."

லிஸ்பெத் அவள் காதருகே குனிந்தாள். வீப்ரென் கட்டிலின் பக்கத்தில் தொங்கும் சிறுநீர் சேரும் பையை இவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டே நின்றிருந்தவள்.

"பை நிரம்பி ரெண்டாவது பை மாத்திட்டாங்க அண்ணி," என்றாள். "மஞ்சளா, சுடச்சுட. நிக்கவே மாட்டேங்குது."